மாபோக் என்று சொல்வதற்கு முன் கட்டைவிரலைப் பாருங்கள்

மயக்கவியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளையவர்களே, உங்களில் யாராவது இந்த வாரம் ஒரு நோயாளியின் காதருகே குனிந்து "தலையைத் தூக்குங்க" என்று சொல்லி, அவர் தூக்கியதும் திருப்தியோடு மூச்சுக்காகப் போட்ட குழாயை எடுத்திருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொதிப்பு அடங்குவதாக இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பொது மயக்கத்தில் நாம் மூன்று காரியங்கள் செய்கிறோம். தூங்க வைக்கிறோம், வலியை நிறுத்துகிறோம், தசைகளைத் தளர்த்துகிறோம். மூன்றுக்கும் தனித்தனி மருந்து. மூன்றும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும் என்று யாரும் நமக்குச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. தூக்கம் கலைந்த பிறகும் தளர்வு மிச்சம் இருந்தால், அந்த மனிதர் முழு நினைவோடு தன் உடம்புக்குள்ளேயே பூட்டப்பட்டுக் கிடப்பார். எச்சில் விழுங்க வராது. கத்த வராது. மூச்சு பாதிதான் உள்ளே போகும். ஊமை கண்ட கனவு என்பார்கள். இவர் காண்பது கனவுகூட இல்லை.

அந்த மிச்சத்தை அளப்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. மணிக்கட்டில் ஒட்டி, நான்கு முறை சின்னதாக மின்சாரம் கொடுத்தால் கட்டைவிரல் நான்கு முறை துடிக்கும். நான்காவது துடிப்பு முதல் துடிப்புக்கு ஏறக்குறைய சமமாக வந்துவிட்டால் குழாயை எடுக்கலாம். போகப் போகத் தேய்ந்தால் எடுக்கக் கூடாது. நம் கண்ணுக்கும் விரலுக்கும் அந்தத் தேய்மானம் சரியாகப் பிடிபடாது. கருவி அதை எண்ணாகச் சொல்லிவிடும். இதில் புரியாதது ஒன்றுமில்லை. பிறகு ஏன் அது அலமாரியில் கிடக்கிறது?

நான் வேலை பார்த்த இடங்களில் அந்தக் கருவியை அதிகமாகப் பார்த்தது பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்தான். விலை அதிகம், வயர் அறுந்துவிடும், யாராவது கீழே போட்டுவிடுவார்கள், அதனால் சிம்பான். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று வித்தியாசமே இல்லாமல் நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் இந்த 'சிம்பான்'தான். நல்ல பொருளைப் பத்திரமாக எடுத்து வைப்பது. நோயாளியைப் பத்திரமாக வைத்திருக்க வந்த பொருளை, நோயாளியிடமிருந்து பத்திரமாக வைத்திருந்தோம்!

நான் பயிற்சியில் இருந்தபோது எங்களுக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். கை ராசிக்காரர் என்று பெயர். "எனக்கு எதுக்கு மெஷினு? இத்தன வருசமா இந்த வெரல்தான் மெஷினு" என்று விரலை ஆட்டிக் காட்டுவார். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்குப் புல்லரிக்கும். அவருடைய நோயாளிகள் ரிக்கவரி அறையில் திணறியபோது அவர் அடுத்த கேஸில் இருந்தார். அவர்களுக்கு வார்டில் நிமோனியா வந்தபோது அது வார்டின் நிமோனியா ஆனது. அவர் விரல் கடைசி வரை தோற்கவே இல்லை. பிரியாவிடை விருந்தில் அந்த விரலைப் பற்றி ஒருவர் கவிதை வேறு வாசித்தார்.

இனி நான் சொல்ல வந்த கதை. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், ஜொகூரின் தென்பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில் நடந்தது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அந்தப் பெயரை மாற்றி எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும், அதுதான் என் கோபமே.

மாரிமுத்து என்று ஒரு நோயாளி. பெக்கான் நானாஸில் அன்னாசி டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஐம்பது தாண்டியவர், கட்டுமஸ்தான ஆள். பித்தப்பையில் கல். காலையில் அறுவைக்குப் போனார். மயக்கம் கொடுத்தவர் என் கீழே வேலை பார்த்த ஓர் இளம் மருத்துவர். கெட்டிக்காரர். சோம்பேறி இல்லை, பொறுப்பில்லாதவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் 'அவன் ஒரு தடிமாடு, நாம் அப்படியில்லை' என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள்.

தையல் போடும் நேரத்தில் அறுவை மருத்துவர் வயிறு இறுக்கமாக இருக்கிறது என்று முணுமுணுத்திருக்கிறார். இவர் இன்னொரு அளவு தளர்வு மருந்து கொடுத்திருக்கிறார். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தையல் முடிந்துவிட்டது. வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார், தாதி வாசலில் வந்து நிற்கிறார். இவர் தளர்வை முறிக்கும் வழக்கமான மாற்று மருந்தைக் கொடுத்து, "தலையைத் தூக்குங்க" என்றிருக்கிறார். குழாய் தொண்டையில் உறுத்த, மாரிமுத்து இருமினார். இருமியபோது தலை எழுந்தது. 'தூக்கிவிட்டார், போலே, எடுக்கலாம்' என்று குழாயை எடுத்துவிட்டார்கள். கருவி அலமாரியில் பத்திரமாக இருந்தது.

நான் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போவதற்காக ரிக்கவரி அறை வழியாக நடந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்பும், குடிபோதை என்று கேலி செய்யும் "மாபோக் லா" என்ற சொல்லும் கேட்டன. எட்டிப் பார்த்தேன். கட்டிலில் மாரிமுத்து கிடந்தார். கரையில் எடுத்துப் போட்ட மீன் போலக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒரு கையை ஏற்கெனவே கட்டிலோடு கட்டியாயிற்று. விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப் அடிக்கடி நழுவி விழுந்தது. எண் குறைந்தபோதெல்லாம் கிளிப்பைக் குறை சொன்னார்கள்.

இளம் மருத்துவர் என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"நம்ம ஆளுதான் டாக்டர். மாபோக்கு. சனிக்கிழம ஏத்தியிருப்பாரு, இன்னும் எறங்கல. கையப் புடிச்சி அழுத்துங்கன்னு சொல்றேன், அழுத்தவே மாட்டேங்கிறாரு. ஒத்துழைப்பே இல்ல."

"குடிப்பாருன்னு யாரு சொன்னா?"

"அவங்க வைஃபே சொன்னாங்க."

அந்த அம்மாவைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரர் குடிப்பாரா என்று கேட்டிருக்கிறார்கள். புருஷனுக்கு உள்ளே என்ன ஆகிறது என்று தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்த பெண் அவர். மறைத்தால் வைத்தியம் தப்பாகிவிடுமோ என்று பயந்து, "சனிக்கெழம ஒரு டின்னு ரெண்டு டின்னு, கூட்டாளிங்களோட" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது போல ஆயிற்று. சனிக்கிழமைக்குப் பிறகு எத்தனை நாள் ஆயிற்று என்று ஒருவரும் எண்ணவில்லை. அதே வாரக் கடைசியில் அதே அளவு குடித்த ஒரு வங்கி மேலாளர் அந்தக் கட்டிலில் துடித்திருந்தால், 'ஏதோ கோளாறு, பாருங்கள்' என்றிருப்பார்கள். பெக்கான் நானாஸ் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் என்பதால் மாபோக்.

'நம்ம ஆளுதான்' என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் குளுவாங்கில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த சிலோன் குடும்பத்துப் பெண். 'எஸ்டேட் ஆளுங்க' என்ற வார்த்தையை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன தொனியில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தொனி எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த இளம் மருத்துவரின் தாத்தா ரெங்கம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர். அதைப் பெருமையோடு அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஏறிய பிறகு அவருக்கும் அந்தத் தொனி வந்துவிட்டது.

அங்கே நின்ற மலாய்த் தாதியின் கையில் ஊசி தயாராக இருந்தது. தூக்க மருந்து. மூச்சுக்காகப் போராடும் ஒரு மனிதரைத் தூங்க வைத்தால், போராட்டம் நிற்கும். அதோடு எல்லாம் நின்றுவிடும். அறை அமைதியாகிவிடும், எல்லோரும் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்கள்.

"ஜாங்கான்! வேணாம், அந்த ஊசிய கீழ வைங்க" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில் நோயாளி விழித்துக்கொண்டார்.

இளையவர்களே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் மந்திரம் எதுவும் செய்யவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். குடித்தவன் மூச்சை ஆழமாக, சத்தமாக விடுவான். இவருக்கு நெஞ்சு உள்ளே அமுங்கும்போது வயிறு மேலே எழுந்தது. மூச்சு எழும்பாமல் ஊஞ்சல் ஆடியது. குடித்தவன் பார்வை எங்கோ போகும். இவர் இமைகள் பாதி தொங்கின, ஆனால் நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி அந்த இமைகளைத் தூக்கப் பார்த்தார். இடுக்கு வழியாக என்னையே பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது போதை இல்லை, சாவு பயம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று நம் ஆட்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. தீர விசாரிக்க நம்மிடம் கருவியே இருந்தது.

முகமூடியை அழுத்திப் பிடித்து, பையால் அவர் மூச்சுக்கு ஒத்தாசை கொடுத்துக்கொண்டே காதருகே குனிந்தேன்.

"அண்ணே, நான் மயக்க டாக்டர். நீங்க முழிச்சிருக்கீங்க, எனக்குத் தெரியும். தளர்வு மருந்து இன்னும் எறங்கல, அதான் மூச்சு வரல. உங்க தப்பு இல்ல. நான் மூச்சு குடுக்குறேன், விட மாட்டேன்."

துடிப்பு உடனே பாதியாகக் குறைந்தது. மருந்து ஒன்றும் இன்னும் ஏறவில்லை. தன் நிலைமை ஒருவருக்காவது புரிந்துவிட்டது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

தளர்வு மருந்தை நேராகப் பிடித்துக் கட்டிப்போடும் புதுவகை மாற்று மருந்தைக் கொண்டு வரச் சொன்னேன். கருவியையும் கேட்டேன். அலமாரிச் சாவி சிஸ்டரிடம். சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். "பூட்டை உடைங்க" என்றேன். அத்தெண்டன் ஒருவர், "பெத்துல் கா, டாக்டர்?" என்று நிஜமாகத்தான் சொல்கிறேனா என இருமுறை கேட்டார். பிறகு ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரால் ஒரே அடி. அத்தனை வருடப் பத்திரமும் ஒரே அடியில் போயிற்று.

"கையில சுருக்குன்னு இருக்கும் அண்ணே, பொறுத்துக்குங்க" என்று சொல்லி ஒட்டினேன். கட்டியிருந்த கையை அவிழ்த்து, இளம் மருத்துவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் பார்க்க வைத்தேன். முதல் துடிப்பு நன்றாக வந்தது. இரண்டாவது குறைந்தது. மூன்றாவது இன்னும் குறைந்தது. நான்காவது இருந்தும் இல்லாதது போல் இருந்தது. இளம் மருத்துவரின் முகம் பேயறைந்தது போல ஆனது.

மருந்து ஏறியது. சற்று நேரத்தில் நான்கு துடிப்பும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் குதித்தன. நெஞ்சு தானாக எழுந்தது. மாரிமுத்து முதலில் செய்த காரியம், நீளமாக ஒரு மூச்சு இழுத்து அழுததுதான்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது. பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

சில நாள் கழித்து என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எதற்கு? பூட்டை உடைத்ததற்கு! ஒரு மனிதர் மூச்சுக்காகத் தவித்ததற்கு யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. மறுபடியும் பூட்டினால் மறுபடியும் உடைப்பேன் என்று பதில் எழுதினேன். பிரிவுக் கூட்டத்தில் இந்தச் சம்பவத்தை 'மயக்கம் தெளியும்போது ஏற்பட்ட மனக்கிளர்ச்சி, நோயாளி குடிப்பழக்கம் உள்ளவர்' என்று முடிக்கப் பார்த்தார்கள். மேசையைத் தட்டினேன். "அவருடைய குடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மருந்து ஊத்துனது நாம, அளக்காம விட்டது நாம" என்றேன். அந்த வரியை எடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எடுத்தார்கள்.

இளம் மருத்துவர் என் அறைக்கு வந்து நின்றார். "தல தூக்குனாரு டாக்டர், நான் பார்த்தேன்" என்றார். பொய் சொல்லவில்லை. தலை எழுந்தது உண்மை. அது போதும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களை நினைத்துத்தான் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையாகவே ஒருவர் தலையைத் தூக்கி ஐந்து விநாடி பிடித்திருந்தால்கூட, உள்ளே தொண்டைத் தசை தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. அதைச் சொன்னேன். கடைசியாக, "வார்டுக்குப் போயி அந்தக் குடும்பத்துக்கிட்ட என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு" என்றேன். மறுநாள், "சொல்லிட்டேன் டாக்டர்" என்றார். நம்பினேன்.

தையல் காட்டும் நாளில் மாரிமுத்து என்னைத் தேடிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் பிளாஸ்டிக் பை நிறைய அன்னாசிப்பழம். பின்னால் அவர் மனைவி. நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"மன்னிச்சிருங்க டாக்டர். அன்னிக்கு மாபோக்குல நான் என்னென்னமோ பண்ணிட்டேன்னு சொன்னாங்க. நர்ஸ் மிஸ்ஸிங்கள அடிச்சிட்டேனா? அவங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்."

மன்னிப்பு கேட்க வந்திருக்கிறார்! நம்மிடம்!

மனைவி சேர்ந்துகொண்டார். "சின்ன டாக்டர் சொன்னாங்க, குடிக்கிற ஆளுங்களுக்கு ஆப்ரேசனுக்கு அப்புறம் இப்படித்தான் வருமாம். எம்புட்டு நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன் இவரு கிட்ட. கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி சூடத்த அணைச்சி சத்தியம் வாங்கிட்டேன் டாக்டர். இனிமே தொட மாட்டாரு."

"குடிய விட்டது நல்லதுதான்மா" என்றேன். "ஆனா அன்னிக்கு நடந்ததுக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்ல." பிறகு இளம் மருத்துவருக்குப் போன் போட்டு, எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வரச் சொன்னேன்.

வந்தார். வெள்ளைச் சட்டையையும் அன்னாசிப் பையையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"இப்ப சொல்லு" என்றேன். "உள்ளத சொல்லு."

சொன்னார். தடுமாறித்தான் சொன்னார், ஆனால் ஒன்றும் விடாமல் சொன்னார். கடைசியில் போட்ட மருந்து, எடுக்காத கருவி, அவசரமாக எடுத்த குழாய், கட்டிய கை, எல்லாம். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல அங்கிள். தப்பு என் மேலதான்" என்று முடித்தார்.

மனைவி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அன்னையிலேர்ந்து இந்த மனுசன நான் பேசாத பேச்சில்லையே" என்றார். "சனிக்கெழமன்னு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, அப்பவே பாத்திருப்பீங்களா தம்பி?"

இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

மாரிமுத்து மட்டும் கோபப்படவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"அப்ப அது கனவு இல்லையா? நீங்க எல்லாரும் பேசுனது, சிரிச்சது, எனக்குக் கேட்டது எல்லாம் நெசமா?"

"நெசம்தான் அங்கிள்."

"கையப் புடிச்சி அழுத்துங்கன்னு சொன்னது நீங்கதானே தம்பி?"

"நான்தான்."

மாரிமுத்து மேசையைச் சுற்றி வந்து அவருடைய வலது கையைப் பிடித்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் காய்த்துப்போன கை. அழுத்தினார். இளம் மருத்துவரின் உதடு கோணியது, தோள் ஒரு பக்கம் சாய்ந்தது, ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்குதா தம்பி?" என்று மாரிமுத்து கேட்டார். அவர் குரலில் ஒரு துளி விரோதம் இல்லை. "அன்னிக்கும் இப்படித்தான் அழுத்துனேன்."